மூடும் சத்தம்

ஸஹ்னா உக்குவளைக்கு வந்து சேர்ந்த மத்தியானம் மழை பெய்துகொண்டிருந்தது. மேடு வழுக்கியதால் த்ரீவீலர்காரன் கடைசி வளைவில் இறக்கிவிட்டான். பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பக்கமும் கொக்கோ மரங்கள். இலைகள் சொட்டும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

வீடு பழையது. மிளகு காயப்போட்ட சீமெந்துக் களத்தில் பாசி படர்ந்திருந்தது. ஜிப்ரி மாமா படுக்கையில் விழுந்த பிறகு அங்கே யாரும் எதையும் காயப்போடவில்லை. இப்போது மாமாவும் இல்லை.

கதவைத் திறந்தவள் றஸ்மியா. பக்கத்து வீட்டுக்காரி. காலையில் வந்து சமைப்பாள். பகல் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

"பல்லு டொக்டரா? வாங்க புள்ள. இனி இந்த வீட்டுல வாயத் திறக்கவே பயமா இருக்கும்."

வெற்றிலைக் கறைப் பற்களை முக்காட்டு நுனியால் மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வீட்டுக்குக் குறடு கொண்டு வரல்ல," என்றாள் ஸஹ்னா.

"பைக்குள்ள பார்த்துட்டுத்தான் நம்புவேன்."

அவளை வரச் சொன்னது றிஸ்வான். மாமியின் ஒரே மகன். தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம். லொறிகளின் இரைச்சலுக்குள் நின்று போனில் கத்தினான்.

"உம்மா உருகிப் போறா, ஸஹ்னா. இத்தால இருக்கிறதால இங்க கூட்டி வரவும் ஏலாது. பீங்கான் வெறுமையாத்தான் வருதாம், றஸ்மியா சொல்றா. அப்ப சோறு எங்க போகுது? நீ கொஞ்ச நாள் போய் இருந்து அவவச் சாப்பிட வை."

கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் அந்த வீட்டைவிட்டு வெளியேறாமல் இருக்க வேண்டும். அதுதான் இத்தா. மாமி அதில் பாதியைக் கடந்திருந்தாள்.

ஸஹ்னா உடனே சரியென்றாள். இரத்தோட்டை ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. கடைக்கு மேலே ஓர் அறை. தலாக்குக்குப் பிறகு அங்கேதான் இருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து பார்சல் சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவாள். எதிரில் சுவர். யாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு காலம் என்று அவள் யோசிப்பதில்லை.

மாமி பின்னறையில் இருந்தாள். ஸரீனா மாமி. வெள்ளைச் சேலைக்குள் அவளைத் தேட வேண்டியிருந்தது. முழங்கை எலும்பு தனியே தெரிந்தது. கை கொடுத்தபோது விரல்களில் மீன் ஆணத்தின் வாசனை.

"வந்தியா புள்ள. நனைஞ்சு போயிட்டே."

"நீங்க சாப்பிட்டீங்களா மாமி?"

"இனித்தான். நீ மண்டபத்துல சாப்பிடு. நான் இங்க சாப்பிட்டுக்குவேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவமே."

"வேணாம்," என்றாள் மாமி.

றஸ்மியா சோறு நிறைந்த பீங்கானை உள்ளே வைத்துவிட்டு வந்தாள். கதவு சாத்தப்பட்டது.

ஸஹ்னா மண்டபத்தில் பெரிய மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுற்றிலும் வெறும் கதிரைகள். ஓட்டில் மழை. சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.

டக்.

பின்னறையிலிருந்து வந்தது. அவளுக்கு அது என்னவென்று தெரியும். காதுக்கு முன்னால் தாடை மூட்டு இருக்கிறது. அதற்குள் ஒரு சின்னத் தட்டு. அது இடம் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது எலும்பு அதன்மேல் ஏறும். அப்போது ஒரு சத்தம். மூடும்போது எலும்பு இறங்கும். அப்போது இன்னொன்று, மெல்லியது. ஒன்று போக, ஒன்று வர. எப்போதும் சோடிதான்.

மாமிக்குத் தாடை மூட்டில் கோளாறு. வலியில் மெல்ல முடியவில்லை. மெலிவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

டக்.

மறுபடியும் திறக்கும் சத்தம். மூடும் சத்தத்தை மழை விழுங்கிவிட்டது என்று நினைத்தாள்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. பீங்கான் வாசலில் இருந்தது. ஒரு பருக்கை இல்லை.

மறுநாள் காலையில் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு மாமியின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பல்லுக்கும் இதால பார்க்கிறதா?"

"மூட்டுக்கு. வாயத் திறங்க."

வலக் காதின் முன்னால் வைத்துக் கேட்டாள். பிறகு இடது. திறந்து மூடச் சொன்னாள். மறுபடியும். தாடை நேராக இறங்கி நேராக ஏறியது. மூன்று விரல்கள் தாராளமாக நுழைந்தன. எண்ணெய் போட்ட கதவு போல ஒரு சத்தமும் இல்லை.

"வலிக்குதா?"

"எனக்கு ஏன் வலிக்கணும்?"

"நேத்துச் சாப்பிடக்குள்ள சத்தம் கேட்டிச்சே, மாமி."

மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அது மாமாட சத்தம்."

ஸஹ்னா ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

"உனக்கு ஞாபகம் இருக்காது. சின்னப் புள்ள. கல்யாண வீட்டுல ஒரே சஹன் தட்டுல சாப்பிட உட்கார்ந்தா மத்த ஆம்பிளைகள் பகிடி பண்ணுவாங்க. ஜிப்ரி வாயத் திறந்தா வெடி போட்ட மாதிரி, மாப்பிள்ளைக்கு வேற வெடி வேணாம் எண்டு." மாமி சிரித்தாள். உதடு மட்டும். "படுக்கையில விழுந்த பிறகு நான்தானே தீத்தினேன். என்ட கண்ணும் மங்கல். முகத்தைப் பார்க்கத் தேவையில்ல. டக் எண்டா கை போகும். டக் எண்டு திரும்பக் கேட்டா கை வந்திடும்."

"இப்ப மாமா இல்ல, மாமி."

"தெரியும். நான் தானே பக்கத்துல இருந்தேன்."

வெளியே றஸ்மியா தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. மாமி குரலைத் தாழ்த்தினாள்.

"பகல் சாப்பாடு. வாயத் திறந்தார். சத்தம் கேட்டிச்சு. கையில கவளம். அதுல ஒரு முள்ளு தட்டுப்பட்டிச்சு. கொஞ்சம் இருங்க எண்டு சொன்னேன். முள்ள எடுத்துட்டு நிமிர்ந்தேன். போயிட்டார்."

ஸஹ்னா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாய் மூடல்ல. எல்லாரும் செய்ற மாதிரி வெள்ளைத் துணியால தாடையக் கட்டினாங்க. குளிப்பாட்டக்குள்ள கட்டை அவிழ்த்தா, திரும்பத் திறந்திட்டாம். கபன் துணி சுத்தினவங்களும் சொன்னாங்க. அப்படியேதான் அடக்கினாங்க." மாமி அவளைப் பார்த்தாள். "நான் இருங்க எண்டு சொன்னேன் புள்ள. இருக்கிறார்."

"நாம சும்மா சொல்ற வார்த்தை, மாமி. கடைக்காரனுக்கும் சொல்றோம்."

"கடைக்காரன் இருக்கிறானே."

ஸஹ்னா ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினாள். துக்கம் காதில் என்னவெல்லாம் செய்யும் என்று அவள் படித்திருக்கிறாள். மாமிக்கு நடப்பது அதுதான். ஆனால் நேற்றுக் கேட்டது மாமியின் காதால் அல்ல.

அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. பகலில் வானம் வெளுத்திருந்தது. மழை இல்லை. காற்றும் இல்லை. றஸ்மியா சோற்றை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பின்னறைக் கதவு சாத்தப்பட்டதும் ஸஹ்னா அதன் வெளியே நிலத்தில் உட்கார்ந்து காதை வைத்தாள்.

உள்ளே சோறு பிசையும் சத்தம். பிறகு மாமியின் குரல், மெதுவாக.

"ஆ எண்டு திறங்க."

டக்.

இரண்டு மூட்டும் சேர்ந்து ஒலித்தன. இடையே ஒரு தலையின் அகலம். அவளுடைய காது அதைத் துல்லியமாகப் பிரித்தது.

மூடும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

டக்.

திறந்த வாய் மூடாமல் மறுபடி திறக்க முடியாது. மேலும் திறக்கத்தான் முடியும்.

தன்னை அறியாமலே ஸஹ்னா தன் வாயைத் திறந்தாள். முதல் சத்தம் வரும் இடம் அவளுக்குத் தெரியும். ஒரு விரல் நுழையும் அளவு. பிந்தி வரும் சத்தம், இரண்டு விரல். தினமும் கேட்பது. சத்தத்தின் தன்மையை வைத்தே வாய் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவாள்.

டக்.

மூன்று விரல். அவளுடைய வாயும் அந்த அளவுக்கு வந்திருந்தது. காதோரம் இழுத்தது.

அடுத்தது வேறு மாதிரி வந்தது. தட்டு ஏறும் சத்தம் அல்ல. மந்தமான ஓர் இடி. எலும்பு தன் குழியின் விளிம்பைத் தாண்டும்போது வருவது. அதற்குப் பிறகு தாடை கழன்றுவிடும். அதற்குப் பிறகு மனிதனுக்குத் திறப்பதற்கு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகும் திறந்தது.

ஈர மணலை மிதிப்பது போல. எலும்பின்மேல் எலும்பு. நீளமாக, அவசரம் இல்லாமல்.

ஸஹ்னாவின் வாய் தானாக மூடிக்கொண்டது. கதவைத் தள்ளினாள்.

மாமி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு வெறும் கதிரை. கதிரைக்கு ஒரு பக்கம் ஜன்னல். மறுபக்கம் ஸஹ்னா நின்ற கதவு. மாமியின் கை முன்னால் நீண்டிருந்தது. ஒருவருக்குத் தீத்தும் அளவுக்கு அல்ல. தோள்வரை நீட்டி, எட்டி, எதற்குள்ளோ வைப்பது போல.

அறையில் ஒரு வாசனை. அதுவும் அவளுக்குத் தெரியும். வெகுநேரம் திறந்து கிடந்து காய்ந்துபோன வாய்.

மாமி கையை மெல்ல வெளியே எடுத்தாள். விரல்கள் வெறுமை. நிலத்தில் ஒரு பருக்கை இல்லை.

"கதவச் சாத்து புள்ள," என்றாள். "வெக்கப்படுவார்."

றிஸ்வானுக்கு ஸஹ்னா முற்றத்தில் நின்று போன் பண்ணினாள். கேட்டதைச் சொல்லவில்லை. உம்மா சாப்பிடுவதில்லை, இப்படியே விட்டால் இத்தா முடியும்வரை உயிர் தாங்காது என்று மட்டும் சொன்னாள். அது உண்மைதான்.

அவன் மௌலவியிடம் கேட்டுவிட்டு அழைத்தான்.

"உயிருக்குப் பயம் எண்டா வேற வீட்டுல இருந்து முடிக்கலாமாம். விடியவே வான் கொண்டு வாறேன். உம்மாவச் சம்மதிக்க வை."

மாமி சம்மதிக்கவில்லை.

"நான் போனா யாரு குடுப்பா?"

"நீங்க மெலிஞ்சிட்டீங்க, மாமி. இப்படிப் போனா நீங்களும் மௌத்தாயிடுவீங்க."

"அவர் பசியோட வாயத் திறந்து வச்சிருக்கக்குள்ள எனக்குத் தொண்டையில இறங்குமா? ஒவ்வொரு நாளும் குடுக்கிறேன். ஒவ்வொரு நாளும் பெரிசாத் திறக்கிறார்." மாமி தன் விரல்களைப் பார்த்தாள். "எனக்கும் பசிக்குது புள்ள. பொய் சொல்லல்ல. நல்லாப் பசிக்குது."

"அப்ப வாங்க."

"இந்த வீட்டுல எனக்கு வேற சத்தம் இல்ல. அதுவும் இல்லாமப் போனா?"

அந்தக் கேள்வி ஸஹ்னாவுக்குப் புரிந்தது. கடைக்கு மேலே இருக்கும் அறை ஞாபகம் வந்தது. எதிரில் இருக்கும் சுவரும்.

"நான் குடுக்கிறேன், மாமி," என்றாள்.

பல்லைப் பிடுங்குவதற்கு முன் வலிக்காது என்று சொல்வாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள். நோயாளியைக் கதிரையில் உட்காரவைக்கும் குரல்.

மாமி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொன்னா செய்யணும்."

"செய்றேன்."

காலையில் றிஸ்வான் மாமியைக் கைத்தாங்கலாக வான்வரை கூட்டி வந்தான். பிறகு, அவ்வளவு லேசாக இருந்ததால், அப்படியே தூக்கி வைத்தான். வெள்ளை முக்காட்டுக்குள்ளிருந்து கை ஒன்று நீண்டது. றஸ்மியா ஒரு பனிசைக் கொடுத்தாள். வான் திரும்புவதற்குள் மாமி அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டாள். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு விடாமல்.

"அல்லாஹ்வே," என்றாள் றஸ்மியா. "இவ்வளவு பசிய எங்க வச்சிருந்தா?"

பிறகு குசினிக்குப் போய்ச் சோறும் மீன் ஆணமும் ஆக்கி மேசையில் மூடி வைத்தாள்.

"நீங்களும் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க புள்ள. தனிய இருக்காதீங்க. எனக்கே இங்க தனிய நிக்க விருப்பமில்ல. ஏன் எண்டு கேக்காதீங்க."

"எனக்குப் பிற்பகல் பஸ் இருக்கு."

"பூட்டிட்டுச் சாவிய வேலியில எறிஞ்சாலும் எடுத்துக்குவேன்."

அவள் போனாள்.

ஸஹ்னா பையைக் கட்டி வாசலில் வைத்தாள். பகல் தொழுகை, லுஹர் தொழுதாள். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. மண்டபம் இருண்டது. மேசையில் இருந்த சோற்றை அவள் தொடவில்லை. குடையை எடுத்தபோது போன் அடித்தது.

மாமி. வாய் நிறையச் சோறு.

"குடுத்தியா புள்ள?"

"மாமி, நல்லாச் சாப்பிடுறீங்களா?"

"ரெண்டாவது தரம் போட்டிருக்கேன். கத்தரிக்கா. றிஸ்வான்ட பொஞ்சாதி உப்புக் கூடப் போடுவா. ஆனா ருசியா இருக்கு." விழுங்கும் சத்தம். "குடுத்தியா?"

ஸஹ்னா மேசையில் மூடியிருந்த சோற்றைப் பார்த்தாள்.

"குடுக்கல்லையா?"

"நான் கிளம்புறேன், மாமி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மறுமுனையில் மெல்லுவது நின்றது.

"அப்ப இங்க வந்திடுவார்," என்றாள் மாமி. அழவில்லை. "பீங்கானை வைக்கிறேன். அவர் பசியோட வந்தா எனக்கு இறங்காது."

"மாமி, சாப்பிடுங்க."

"சொன்னியே புள்ள."

மழைக்குள்ளும் தம்புள்ளையில் பீங்கான் மேசையில் வைக்கப்படும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஒரே ஒரு தடவை, என்று ஸஹ்னா நினைத்தாள். வெறும் அறைக்குள் கையை நீட்டுவது. மாமி கேட்டுக்கொண்டிருப்பாள். அது போதும். மாமி சாப்பிடுவாள்.

"இருங்க மாமி. இப்ப குடுக்கிறேன். போனை வைக்காதீங்க."

பீங்கானில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கதவைத் திறந்தே விட்டாள். போனைச் சத்தம் வெளியே வரும்படி வைத்துக் கட்டிலில் போட்டாள். மாமி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். எதிரில் வெறும் கதிரை.

கவளம் பிடித்தாள். முள் பார்த்தாள். கையை நீட்டினாள்.

எதுவும் இல்லை. மழை மட்டும்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, எதிர்பார்க்காமல், ஓர் ஏமாற்றம்.

"ஆ எண்டு திறக்கச் சொல்லு புள்ள," என்றது போன்.

"ஆ எண்டு திறங்க, மாமா."

டக்.

ஜன்னல் பக்கம்.

டக்.

கதவுப் பக்கம்.

ஒரே நேரத்தில் வந்த இரண்டு சத்தங்கள். அவளுடைய காது வழக்கம்போல இடைவெளியை அளந்தது. ஒரு தலையின் அகலம் அல்ல. அறையின் அகலம்.

தாடைக்கு இரண்டு மூட்டுகள். இடமொன்று, வலமொன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வாய்.

அவள் நடுவில் இருந்தாள்.

காய்ந்த வாயின் வாசனை எல்லாப் பக்கமும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்வது தெரிந்தது. அதன் சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது. கதவு திறந்தே கிடந்தது. எழுந்தால் மூன்று எட்டு வைத்து மண்டபத்துக்குப் போய்விடலாம்.

"சாப்பிடுறாரா?" என்று கேட்டாள் மாமி.

கவளம் விரல்களில் இல்லை.

"சாப்பிடுறார் மாமி," என்றாள் ஸஹ்னா. "நீங்களும் சாப்பிடுங்க."

பீங்கான் நகரும் சத்தம். மாமி மெல்லத் தொடங்கினாள். நிதானமாக, நிறைவாக.

ஸஹ்னா மெதுவாக எழுந்தாள்.

அப்போது வந்தது. மெல்லியதாகத்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். மெல்லியதாகத்தான் வந்தது. ஜன்னல் பக்கம் ஒன்று. கதவுப் பக்கம் ஒன்று.

"நல்லாக் கேட்டிச்சு புள்ள," என்றாள் மாமி. குரலில் சந்தோஷம். "மூடிட்டார். எவ்வளவு நாளைக்குப் பிறகு."

மெல்லுவது தொடர்ந்தது. பிறகு நின்றது.

"ஸஹ்னா?"

"..."

"என்ன புள்ள சொல்ற? விளங்கல்ல. எங்க இருக்கிற? உள்ளுக்கிருந்து பேசுற மாதிரி இருக்கு."